ஏழு பேனாக்கள்

"ஏழு பேனா. ஒண்ணுகூட வெடிக்கல."

அதிகாரி குரலை உயர்த்தவேயில்லை. எல்லோரும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்கள்.

வெளியே பேனா ரிப்பேர் கடை என்று பலகை. உள்ளே நாலு பேர் செய்வது வேறு பேனா. சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய், எதிரே இருப்பவரின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மூடியைத் திருகினால் போதும். ஸ்பிரிங் விடுபடும், ஊசி தோட்டாவைத் தட்டும், குண்டு பாயும்.

"துப்பறியும் நாவல்ல மட்டும் எப்படித் தவறாம வெடிக்குது?" என்றார் அதிகாரி.

சுட வேண்டிய ஏழு பேரும் உயிரோடு நடமாடுகிறார்களாம். யார் வேலையில் கோளாறு என்று தெரிந்தாக வேண்டுமாம்.

நாலு பேரில் ஸ்பிரிங் பூட்டுகிறவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போன மாதம் பூராவும் மகளுக்குக் காய்ச்சல். தூக்கம் சொக்கும் கண்ணோடு பூட்டியவை அவை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஊசி எப்படித் தட்டும்?

போன வருஷம் லேத்காரரை, "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்றுதான் கூட்டிப்போனார்கள். அவருடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது.

அவளைக் காட்டிக்கொடுக்க மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை போதும். பூட்டிய பேனாவையெல்லாம் தன் மேஜைக்கு அள்ளிப்போய், மறுபடி கழற்றி, லென்ஸ் வைத்துக் குடைகிற மனுஷன். பட்டறையில் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. போன வாரம்கூட எல்லோர் முன்னாலும் அவளைத் தூங்குமூஞ்சி என்றார்.

அதிகாரி மேஸ்திரியிடம் திரும்பினார். மேஸ்திரி அவளைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையை யார் கூட்டிவருவார்கள் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"ஸ்பிரிங்கை ஒண்ணும் சொல்ல முடியாதுங்க ஐயா," என்றார் மேஸ்திரி. "கடைசியா சோதிச்சு அனுப்புறவன் நான். வயசாச்சு. கண்ணு ஏமாத்திடுச்சு."

அதிகாரியோடு வந்திருந்த இருவர் மேஸ்திரியின் தோளைப் பிடித்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ள மட்டும் நேரம் கேட்டார்.

அதிகாரி காரைக் கூப்பிட வெளியே போன இடைவெளியில் அவள் அருகே ஓடினாள். காவலுக்கு நின்றவர்கள் வாசலைப் பார்த்திருந்தார்கள்.

"அண்ணே, தப்பு என்னோடது. அதை ஏன் உங்க தலையில போட்டுக்கிறீங்க?"

அவர் குனிந்து காதோரமாகச் சொன்னார்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா. அதனாலதான் ஒவ்வொரு ஊசி முனையையும் நான் உட்கார்ந்து தேய்ச்சு மழுக்க வேண்டியதாப் போச்சு."