தோத்த கை

“இன்னாமே, முடியலன்னா?”

வசந்தாவைப் பார்த்துச் செல்வம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் வலை சீர் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாயில் படுத்திருந்தாள் மருமகள் ஐஸ்வர்யா. ஒன்பதாம் மாதம். பிள்ளைக்குத் தலை மேலே, கால் கீழே. பொன்னேரி ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லி நாலு நாள் ஆகிறது. செல்வம்மாள் விடவில்லை.

“போனா வயித்தக் கீசிடுவாங்கோ. வசந்தா கைய வெச்சா திரும்பிக்கும்.”

வசந்தா ஏரிச் சேற்றில் தடவி இறால் பிடிக்கிறவள். வயிற்றுப் பிள்ளையையும் அதே கையால் திருப்புவாள் என்று நாலு குப்பத்தில் பேர்.

அரை மணி நேரம் எண்ணெய் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என் கைக்கு அடங்கலக்கா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. இப்பவே.”

“சேத்துல இருக்கற றால் ஆப்புடுது, வயித்துல இருக்கற புள்ள ஆப்புடலியா?”

“ஆப்புடல.”

“வெத்தல பாக்கு வெச்சு உன்னக் கூப்ட்டேன் பாரு, என்னச் சொல்லணும்!”

வசந்தா ஆட்டோ வரும்வரை அங்கேயே நின்றாள்.

வெளியிலிருந்து திருப்பலாமா என்றுதான் டாக்டரம்மாவும் முதலில் பார்த்தார். ஸ்கேனில் பிள்ளை கழுத்தில் கொடி ரெண்டு சுற்று.

“யாராவது கையால அமுக்கித் திருப்பியிருந்தா கொடி இறுகியிருக்கும்மா.”

ஆபரேஷன். பெண் குழந்தை. அலறிக்கொண்டு வந்தது.

பத்தாம் நாள் வசந்தா பார்க்க வந்தாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் செல்வம்மாள்.

“நல்ல வேளமே, உன் கை தோத்துச்சு. ஜெயிச்சிருந்தா என் பேத்தியக் கொன்னிருப்ப.”

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

ஐஸ்வர்யா வசந்தாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அத்த, நீ வெறும் எண்ணெய்தான தடவுன? ஒருவாட்டிகூட அமுக்கலியே.”

வசந்தா குழந்தையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் சொன்னா உன் மாமியா கேக்காது. என் கை தோத்துச்சுன்னா கேக்கும்.”

“அதுக்காக இவ்ளோ பேச்சு வாங்கணுமா?”

“கடைசியா நான் திருப்பி ஜெயிச்சேனே, அந்தப் புள்ள பொறந்து அழவேயில்ல. எல்லாரும் விதின்னாங்கோ. என் கைக்குத்தான் தெரியும்.”