வெள்ளிக்கிழமை நண்டு

கியூபாவுக்கு விடுமுறை போயிருந்தோம். கடலில் ஒரு பெரிய அலை என் மனைவி சுகிர்தாவை மூடியது. சிரித்தபடி எழும்பி வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. கலியாணமாகி இருபது வருசமாக வெள்ளியில் மச்சமாமிசம் தொடாதவள், மத்தியானம் இரண்டு நண்டை உடைத்துச் சாப்பிட்டாள். நாள் மறந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் சந்தையில் அவள் சங்குமாலை வாங்கும்போது அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடுமுறை முடிந்து மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அவளைக் காரில் இருத்திவிட்டு, பக்கத்து வீட்டுக் குணவதி அன்ரியிடம் கதவுத் திறப்பு வாங்கப் போனேன். நாங்கள் வரும்வரை சாமிவிளக்குக் கொளுத்தச் சொல்லிக் கொடுத்த திறப்பு.

"அதை வெள்ளிக்கிழமையே சுகிர்தா வாங்கிட்டாள், தம்பி. தலையெல்லாம் ஈரம். இப்பவும் சாமியறையிலதான் நிக்கிறாள்."

எங்கள் யன்னலில் விளக்கு எரிந்தது.

அன்ரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"காருக்குள்ள உது ஆர்?"