ரோட்டை விட்டு ஒரு மைல்

பந்தல்குடி தாண்டியதும் செல்வதுரை ரோட்டை விட்டு இறங்கினான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி ஞானப்பூவும் இறங்கினாள்.

கொடி பிடித்து முன்னால் போய்க்கொண்டிருந்த இன்பராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “ஏலே, புது மாப்பிள்ளைக்கு ரோடு காங்கலையோ? பொழுது சாயுறதுக்குள்ள சத்திரத்துக்கு வந்து சேந்துரு.”

பனிமய மாதா திருநாளுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு வருடா வருடம் நாற்பது, ஐம்பது பேர் நடப்பார்கள். எல்லாரும் ரோட்டோடுதான் போவார்கள். ரோட்டில் என்ன இருக்கிறது? புழுதியும், உலக யுத்தம் முடிந்ததிலிருந்து பெருத்துப்போன லாரிகளும்தான்.

செல்வதுரைக்கு மட்டும் ரோட்டை விட்டு ஒரு மைல், ஒன்றரை மைல் தள்ளிச் சில இடங்கள் உண்டு. ஐந்து வருடமாக ஒருத்தருக்கும் காட்டாமல் வைத்திருந்தான்.

இந்த வருடம் காட்டியாக வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு மாதம். ஞானப்பூ அவனிடம் பேசியதெல்லாம் “ம்”, “இல்ல”, இந்த இரண்டுதான். வீட்டு வெள்ளாட்டோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவாள். பஞ்சுக் கடையில் எடை போட்டுவிட்டு வருகிறவன் வாசலில் நின்று அதை ஒட்டுக் கேட்டதுண்டு. ஆட்டின் மேல் பொறாமை வந்ததை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மல்லாங்கிணற்றிலிருந்து மாமனார் ஆள் விட்டிருந்தார். திருநாளுக்கு வண்டி கட்டி வருகிறாராம். அப்படியே பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போகிறாராம். அந்த ஊர் வண்டிகள் எப்போதுமே நடக்கிறவர்களுக்கு ஒரு நாள் பிந்தித்தான் வரும்.

வாய் திறந்து பேசாமல் போகிறவள் ஆடி கழிந்து திரும்பி வருவாள் என்று என்ன நிச்சயம்? தூத்துக்குடி போய்ச் சேருவதற்குள் அவளை எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும். அதற்கு அவன் கையில் இருந்தது இந்த இடங்கள்தான்.

அவள் இடுப்பில் இருந்த துணிமூட்டை வேறு அவனை நிம்மதியாக நடக்க விடவில்லை. நடக்க நடக்க உள்ளே ஏதோ லொடக் லொடக்கென்று தட்டிக்கொண்டே வந்தது. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான் எல்லாவற்றையும் கட்டிவிட்டாள் என்று நினைத்தான்.

முதலில் கரிசல்காட்டு நடுவே இருக்கும் பாறைக்குக் கூட்டிப்போனான். மேலே ஏறினால் ஆடிக்காற்று ஆளைத் தள்ளும். நாலு ஊர்க் கண்மாயும் தெரியும். ஞானப்பூ பறக்கிற முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு “ம்” என்றாள்.

அடுத்தது பனங்காடு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஓலைச் சத்தம் அசல் மழைதான். மூடச் சொன்னான். மூடினாள், திறந்தாள். அதற்கும் “ம்”தான்.

ஓடைக்குப் பக்கத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. அவன் காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கி முடிப்பதற்குள் அவள் இடது தடத்தில் விறுவிறுவென்று முன்னே போய்விட்டாள். கோபம்தான், சந்தேகமே இல்லை. நல்லவேளை, அதுதான் சரியான தடம்.

கடைசி இடம் ஓடை மணலில் இருந்த ஊற்று. பக்கத்தில் பொந்து விழுந்த ஒரு புளியமரம். சுற்றுவட்டாரம் முழுக்க உப்புத்தண்ணீர்; இங்கே மட்டும் நல்ல தண்ணீர்.

செல்வதுரை பொந்துக்குள் கைவிட்டுத் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்தான். வருடா வருடம் யாரோ சுரண்டி வழவழப்பாக்கிய புதுச் சிரட்டை ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர்தான் என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். மேய்ச்சல்காரருக்கு முழங்கால் வலி இருக்கும் என்பதும் அவன் முடிவுதான். ஐந்து வருடமாக மாதா கோயிலில் அந்த முழங்காலுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறான். தண்ணீர் குடித்த நன்றிக்கு, ஓலையில் முடிந்த கருப்பட்டி ஒன்றைப் பொந்தில் வைத்துவிட்டுப் போவதும் வழக்கம்.

தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினான். குடித்தாள். குடித்துவிட்டுச் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவன் தோள்பையிலிருந்து கருப்பட்டியை எடுத்துப் பொந்துக்குள் வைத்தான்.

அவ்வளவுதான். ஞானப்பூ மணலில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூட்டையை அவிழ்த்து ஒரு புதுச் சிரட்டையை எடுத்தாள். பொந்துக்குள் அதை வைத்துவிட்டுக் கருப்பட்டியை வெளியே எடுத்தாள்.

“எங்க வண்டி மாட்டுக்கு இங்கனதான் தண்ணி காட்டுவோம். போன வருசம் கருப்பட்டில ஒரே எறும்பு. இந்தத் தடவையாச்சும் ஓலைய இறுக்கி முடிஞ்சீகளா?”

இரண்டு மாதத்தில் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. அவள் கருப்பட்டியைக் கல்லில் தட்டி உடைத்துப் பெரிய துண்டை அவன் கையில் வைத்தாள். அவன் அவிழ்ந்து கிடந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லொடக்கென்று தட்டிக்கொண்டு வந்த சிரட்டையை எடுத்த பிறகு அதில் மிச்சம் இருந்தது கட்டுச்சோற்றுத் தூக்குவாளியும் ஒரே ஒரு மாற்றுச்சேலையும்தான். திருநாள் முடிந்ததும் நேரே அருப்புக்கோட்டைக்குத் திரும்புகிறவளுக்கு அது போதும்.