கேரல் வாசிக்கும் பெயர்கள்

மலேசியாவில், கோலா பிலா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மணி நான்கு. லயத்து வீட்டு ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து மேசைமேல் விழுகிறது. மைலோ டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குக் கையால் நிழல் கட்டி, அதில் ஓடும் நேரலையைப் பார்க்கிறாள் அகதா. பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு மாநிலம், அங்கே இருட்டிவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் விளக்குகளைப் போட்டு, கவர்னர் தேர்தலின் ஓட்டுகளை எண்ணுகிறார்கள். சீட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கிக் காட்டி, பெயரை உரக்க வாசிப்பவள் அகதாவின் மகள் கேரல். அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு போய், அங்கேயே டீச்சராகிவிட்டவள். அவள் வாசிக்க வாசிக்கக் கரும்பலகையில் கோடு ஏறுகிறது. அந்தப் பாஷையில் அகதாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது; குரல் மட்டும் தெரியும். வெளியே பழம் ஏற்றிய லோரி உறுமிக்கொண்டு போகிறது. அகதா கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டுகிறாள். கடைசிச் சீட்டு. போட்டியிட்ட இரண்டு பெரிய மனிதர்களும் பூமாலையோடு, கைகட்டி, கேரலின் வாயையே பார்த்து நிற்கிறார்கள். அகதாவின் முதுகு தானாக நிமிர்கிறது. முப்பது வருஷம், விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வேலைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட, தன் பெயருக்காக அவளும் இப்படித்தான் கைகட்டி நின்றாள். கேரல் வாசிக்கிறாள். மண்டபமே அதிர்கிறது. குளித்த ஈரத்தோடு வந்த கணவர் எட்வர்ட், "ஜெயிச்சது யாரு லா?" என்கிறார். "யாரோ ஜெயிச்சிட்டுப் போறான்," என்கிறாள் அகதா, கண்ணை எடுக்காமல். "பேரு கூப்பிட்டது எம்மவ."