நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் தொகாஷி போனில் "மிக மோசம்" என்ற பொத்தானை அழுத்தினார்.

மனசு கொஞ்சம் ஆறியது.

பதினோரு வருடமாக இணைய ஏலத்தில் பொருள் வாங்குகிறவர் அவர். இதற்கு முன் யாருக்கும் மோசம் என்று மதிப்பெண் போட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. போட்டிருக்கிறார், ரசித்துப் போட்டிருக்கிறார்.

லிஃப்டில் சிக்னல் இல்லை. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றட்டும் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏலத்தில் எடுத்தது ஒரு கட்டில். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கானது; பொத்தானைத் தட்டினால் தலைப்பக்கம் தானே உயரும். வியாழக்கிழமை அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்த மாதிரிக் கட்டில் இல்லாமல் கூட்டிப்போகக் கூடாது என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். எல்லாம் தயார் என்று ஒஸாகாவில் இருக்கும் தங்கையிடம் அளந்துவிட்டாயிற்று. அவள் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் சண்டை அனுப்பும் செலவைப் பற்றி.

"நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்" என்று விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏலம் முடிந்த மறு நிமிடமே, கட்டிலை அனுப்பிவைக்க முடியுமா, செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் என்ன என்று தொகாஷி கேட்டு எழுதினார். கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? விற்பவர் மூன்று வரியில் மன்னிப்புக் கேட்டு, ஒரே வரியில் மறுத்தார்.

இரண்டாவது சண்டை தேதியைப் பற்றி.

மே இருபதாம் தேதி வரச் சொன்னார்கள். பிறகு அதை மாத முடிவுக்குத் தள்ளினார்கள். பிறகு ஜூன் பத்து, புதன்கிழமை என்றார்கள். ஒவ்வொரு முறையும் அதே பணிவு: "முற்றிலும் என் சொந்தக் காரணத்தால் தாமதமாகிறது. தலை குனிந்து மன்னிப்புக் கோருகிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

தொகாஷியிடமா இந்த வேலை? இன்னும் கூட விலைக்கு ஆள் தேடுகிறான் என்று மனைவியிடம் அடித்துச் சொன்னார். இவ்வளவு மரியாதையாக எழுதுகிறவன் ஏமாற்றுக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. பதிலுக்கு ஆறு செய்தி அனுப்பினார். ஆறிலும் "அவசரம்" என்ற சொல் இருந்தது, கடைசி இரண்டில் தலைப்பாகவே இருந்தது. அந்த இரண்டுக்கும் பதில் வரவில்லை.

ஆகவே இன்று, திங்கட்கிழமை, வாடகை வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுக் கயிறும் ஸ்பேனருமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்.

நான்காம் மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"கட்டில் விஷயமா வந்திருக்கேன்" என்றார் தொகாஷி. இதற்குமேல் காரமாக நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தார்.

அவள் ஸ்பேனரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "ரிப்பேர்காரரா? நல்ல வேளை வந்தீங்க! நேத்துலேருந்து தலைப்பக்கம் உயரவே மாட்டேங்குது. உள்ள போய்ப் பாருங்க, டீ போடறேன்."

பழுது வேறா! விளம்பரத்தில் அதைச் சொல்லவே இல்லையே! இரண்டாவது குற்றமும் சிக்கிய மகிழ்ச்சியில் தொகாஷி ஷூவைக் கழற்றினார். கோபத்திலும் அதை வாசலைப் பார்த்துத் திருப்பி, ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார்.

உள்ளறையில் கட்டில் இருந்தது. படத்தில் பார்த்த அதே கட்டில்தான்.

படத்தில் இல்லாதது ஒன்று மட்டும் கூட இருந்தது. அதில் ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

எலும்பும் தோலுமான உடம்பு. மூக்கில் குழாய். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட். பெரியவர் ஸ்பேனரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். எழுந்து வணங்கப் பார்த்து முடியாமல், மோவாயை மட்டும் தாழ்த்தினார்.

"தொகாஷி சார்தானே? ரொம்பக் காக்க வச்சுட்டேன். மன்னிக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, அவசரமே இல்லீங்க" என்று தொகாஷியின் வாய் தானாகச் சொன்னது.

"டாக்டர் மே மாசம்னு சொன்னார். அவர் பேச்சை நம்பித்தான் தேதி குடுத்தேன்." பெரியவர் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "மருமகளுக்குத் தெரியாது. நான் போனப்புறம் இதை அப்புறப்படுத்த அவ லோல்படக் கூடாது பாருங்க."

தொகாஷி ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கயிற்றை மறைக்க இன்னொரு கை போதவில்லை.

"முன்னூத்திப் பன்னண்டு பொருள் வித்திருக்கேன். ஒருத்தர்கூட மோசம்னு போட்டதில்லை. இதுதான் கடைசி." பெரியவர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "புதன்கிழமைக்குள்ள முடிச்சுடப் பாக்கறேன். அதுவரைக்கும் மட்டும் கெட்ட பேர் எதுவும்..."

தலையணைக்குப் பக்கத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

தொகாஷிக்குப் பைக்குள் இருந்த போன் நினைவுக்கு வந்தது. வட்டம் சுற்றி முடித்திருக்க வேண்டும்.

பெரியவர் தடவித் தடவி டேப்லெட்டை எடுத்தார். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். எழுத்து பிடிபடவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி ஜன்னல் ஓரத்தில், தொகாஷியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?" என்றார் பெரியவர்.