சின்னக் காதும் பெரிய ரப்பரும்

இளமாறன் புதிதாக வாங்கிய மலிவு விலை இயர்போனை, அவனுடைய மியூசிக் பிளேயர் முதல் நாளே சண்டைக்குப் பிடித்துக்கொண்டது.

"நான் தபேலாவோடுதானே பாட்டை அனுப்புறேன், தபேலாவை எங்கே விழுங்கினே?"

"நான் ஏன் விழுங்கப் போறேன்? இவன் காது சின்னது, எனக்கு மாட்டியிருக்கிற ரப்பர் பெரிசு. உள்ளே போக முடியாம வாசல்லயே நிக்கிறேன். பாட்டு வெளியே போகுது, பஸ் சத்தம் உள்ளே வருது. இதுல என் தப்பு எது, நீயே சொல்லு."



பஸ்ஸில் உட்கார்ந்திருந்த இளமாறனோ, "விலைக்கேத்த சரக்கு. திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்" என்று, இயர்போனைத் திரும்ப வைக்க அது வந்த பெட்டியைத் திறந்தான். திருப்பிக் கொடுத்த இயர்போனைக் கடைக்காரர் குப்பையில்தான் போடுவார்.

"சின்ன ரப்பர் பெட்டிக்குள்ளேயே இருக்கு. எடுத்துக்கூடப் பார்க்கலையே இவன்" என்று இயர்போன் அழுதது.

அதைக் கேட்ட சின்ன ரப்பர் பெட்டியிலிருந்து குதித்து அவன் மடியில் விழுந்தது. போகிற போக்கில் அதை இயர்போனில் மாட்டி, காதில் வைத்துப் பார்த்தான். தபேலா கணீரென்று கேட்டது.

"பரவாயில்லையே, ஒரு வழியா இந்த இயர்போன் திருந்திடுச்சு" என்றான்.

இயர்போனுக்கு வாய் துடித்தது. ஆனால் பாட்டு பாதியில் இருந்ததால், முதலில் அதைப் பாடி முடித்தது.