முப்பத்தாறில் நின்ற முள்

மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் வலக்கையை நுழைக்கும் முன், பொன்னப்பன் தம் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வேட்டிக்கட்டில் செருகிக்கொள்வார்.

நானூறு வோல்ட் குடியிருக்கும் இடத்தில் ஒரு கைக்குத்தான் வேலை. இன்னொரு கை விருந்துக்கு வரக்கூடாது என்பது அவர் கொள்கை.

பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு பால் சேர்க்காத ஒரு கட்டன் சாயாவை முழுவதுமாகக் குடித்து முடிப்பார். அதன் பிறகே திருப்புளியைத் தொடுவார். வேலை முடிந்ததும் பெட்டி மூடியின் உட்புறத்தில் தேதியையும் மீட்டரின் முள் நின்ற எண்ணையும் பென்சிலால் எழுதி வைப்பார். உதியன்குளங்கரை சந்தியிலுள்ள அவரது ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் இருபது ஆண்டுகளாக இந்த ஒழுங்கு மாறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் மேசைமேல் இருந்தது குன்னத்துகால் தேவாலயத்து வால்வு ஆம்ப்ளிஃபயர். எதிரே ஸ்டூலில் அமர்ந்திருந்தவர் தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர் எலியா. மறுநாள் குருத்தோலை ஞாயிறு.

"ஒரு சாயா குடிச்சுத் தீர இவ்வளவு நேரமா பொன்னப்பா? நாளைக்கு பவனி போயித் திரும்பிருவோம்."

"வால்வு சூடாவட்டும் மாஸ்டரே. சூடாகாத வால்வும் சாயா குடிக்காத நானும் ஒண்ணாக்கும்."

சுவருக்கு அப்பால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது விமலகுமாரியின் கடை. முன்பெல்லாம் இயந்திரத்தின் ஓசையோடு அவள் பாட்டும் சேர்ந்து கேட்கும். கிறிஸ்துமசுக்குப் பிறகு இயந்திரம் மட்டுமே ஒலித்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் தனியாகப் பாடியபோது ஒலிபெருக்கியில் குரல் கரகரத்தது. 'தொண்டை போச்சு' என்று குழுவினர் அனைவர் முன்னிலையிலும் சொல்லி, எலியா அவளைப் பின்வரிசைக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் அவள் பின்வரிசைக்கும் வரவில்லை.

சாயா தீர்ந்தது. பொன்னப்பன் வலக்கையால் சுவரைத் தட்டினார்.

"மக்கா விமலே, இஞ்ச ஒண்ணு வா. மைக்கில மெல்லப் பாட ஆள் வேணும்."

எலியா முகம் சுளித்தார். "அவள எதுக்கு? நல்லா உரக்கப் பாடுற ஆள விளி."

"உரக்கப் பாடினா இந்தப் பெட்டிக்க நோய் தெரியாது மாஸ்டரே."

கழுத்தில் அளவு நாடாவுடன் விமலகுமாரி வாசலில் வந்து நின்றாள். எலியாவைக் கண்டதும் ஒரு படி பின்வாங்கினாள்.

"எனக்க தொண்டைய சபை கேட்டாச்சு அண்ணா. இனி சந்தியும் கேக்கணுமா?"

"கேக்கட்டும். ஒரு வரி போரும்."

பாடினாள். வாசல் தென்னையில் கட்டியிருந்த கோளாம்பி ஒலிபெருக்கியில் அவள் குரல், துருப்பிடித்த கொக்கியில் மாட்டிய பட்டுத்துணி போலக் கிழிந்தது. எலியா சாலையைப் பார்த்தார். தம் தீர்ப்பு சரியானதே என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

அவள் மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நில்லு மக்கா. மறு வரி பாக்கி உண்டு."

பாட்டு நின்ற அமைதியில், இடக்கை பின்னால் இருக்க, பொன்னப்பன் ஒரு வால்வின் திருகைத் திருப்பினார். வால்வில் ஓடும் கரண்டைக் காட்டும் மீட்டரில், பதினெட்டில் கிடந்த முள் மெல்ல எழுந்து முப்பத்தாறில் நின்றது. அடுத்த வால்வின் திருகையும் அதே எண்ணுக்குக் கொண்டுவந்தார்.

அந்த இரண்டு வால்வுகளும் மரம் அறுக்கும் ஒரு நீள வாளின் இரு முனைகளைப் பிடித்த இரண்டு அறுப்புக்காரர்கள். ஒருவன் இழுத்து முடிக்கும்போது மற்றவன் கை தயாராக இருக்க வேண்டும். இருவருக்கும் கூழ் குறைந்தால் கைமாறும் இடத்தில் வாள் தடுக்கும். உரத்த பாட்டு அந்தத் தடுக்கலைத் தாண்டிப் போய்விடும். மெல்லிய குரல்தான் அதில் இடறி விழும்.

"இனி பாடு."

இரண்டாவது வரி பிசிறில்லாமல் எழுந்தது. சந்தியில் நின்ற பாறசாலை பஸ்ஸின் கண்டக்டர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி இழுக்க மறந்து நின்றார்.

விமலகுமாரி பாடுவதை நிறுத்திவிட்டுக் கோளாம்பியை அண்ணாந்து பார்த்தாள். அது தன் குரல்தானா என்று கேட்பவள் போலிருந்தாள்.

எலியா தொண்டையைச் செருமினார். "பரவாயில்ல. இவளுக்குச் சளி மாறியிருக்கு."

பொன்னப்பன் பெட்டியின் மூடியை எடுத்து எலியாவின் கையில் கொடுத்தார்.

"இத ஒண்ணு பிடியும் மாஸ்டரே."

மூடியின் உட்புறத்தில் பென்சில் வரிகள் இருந்தன.

'நவம்பர் 92. 36 இருந்தது, 18 ஆக்கியது. வால்வு நெடுநாள் உழைக்க வேண்டும் என்று மாஸ்டர் சொன்னபடி.'

'2.4.93. மீண்டும் 36. பெட்டி சரி.'

'3.4.93 காலை. மறுபடி 18. மாஸ்டர் வருமுன்.'

எலியா கடைசி வரியை இரண்டு முறை வாசித்தார். நேற்றே சரியாகிவிட்ட பெட்டியைப் பொன்னப்பன் இன்று காலை மீண்டும் கெடுத்து வைத்திருக்கிறான், தாம் காதால் கேட்பதற்காக.

"கொறைச்சா மெல்லிய குரல் கெடும்னு அண்ணு நான் சொல்லல்ல," என்றார் பொன்னப்பன் தாழ்ந்த குரலில். "எனக்க பிழையும் உண்டு."

நான்கு ஆணிகளை முறுக்கினால் அந்த வரிகள் மூடியோடு மறைந்துவிடும். எலியா மூடியைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு எழுந்து, அதை ஸ்டூலில் வைத்துவிட்டு, விமலகுமாரியிடமிருந்து மைக்கைக் கை நீட்டி வாங்கினார்.

"விமலகுமாரிக்க தொண்டைக்கு ஒரு கேடும் இல்ல. கரண்டக் கொறைக்கச் சொன்ன எனக்க புத்திக்காக்கும் கேடு. பொறுத்துக்க மக்கா. நாளைக்கு முன்வரிசைக்கு வா."

யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று நினைப்பவர் போல, வெட்கத்தோடு, மிக மெல்லத்தான் சொன்னார்.

ஓர் எழுத்தும் கரகரக்காமல் சந்தி முழுவதும் கேட்டது.